பெயரைப் பாதியில் நிறுத்தாதீர்கள்!

இந்த இதழுக்கு மூன்று கடிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன். எழுதிய மூவரும் வேறு வேறு மாவட்டம், வேறு வேறு பயிர். ஆனால் மூவருடைய சிக்கலும் உரப்பையின் மேல் அச்சடித்திருக்கும் பெயரில்தான் இருக்கிறது. அந்தப் பெயரை வாசிக்கத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

‘‘80 சென்ட்டில் தக்காளி போட்டு, சொட்டுநீர் அமைத்திருக்கிறோம். காயின் அடிப்பகுதி கறுத்து அழுகியதால் கால்சியம் நைட்ரேட் வாங்கினேன். அடி இலைகள் நரம்புக்கு நடுவே மஞ்சளானதால் மக்னீசியம் சல்பேட்டும் வாங்கினேன். 200 லிட்டர் டிரம்மில் இரண்டிலும் 3 கிலோ போட்டுக் கலக்கினேன். தண்ணீர் மோர் மாதிரி வெளுத்துவிட்டது. அப்படியே குழாயில் விட்டுவிட்டேன். மறுநாள் பாதி டிரிப்பரில் தண்ணீர் வரவில்லை. டிரம்முக்கு அடியில் வெள்ளைச் சேறு நிற்கிறது. ‘சுண்ணாம்பைக் கலந்து ஏமாத்திட்டான்’ என்கிறார் மாமனார். நானும் கடையில் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். உரம் போலியா? குழாயை எப்படிச் சரிசெய்வது?’’

ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்.

சகோதரி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உரம் போலி இல்லை. இரண்டும் அசல் என்பதால்தான் இப்படி ஆகியிருக்கிறது. அந்த வெள்ளைச் சேறு கடைக்காரர் கலந்தது அல்ல. உங்கள் டிரம்முக்குள்ளேயே உருவானது. அதன் பெயர் ஜிப்சம். களர் நிலத்துக்கு மூட்டை மூட்டையாகப் போடுகிறோமே, அதே ஜிப்சம்தான்.

இது எப்படி என்று பார்ப்போம். கறியுப்பைத் தண்ணீரில் போட்டால் கரைகிறது. கண்ணுக்குத் தெரியாமல் அங்கே என்ன நடக்கிறது? சோடியம் குளோரைடு என்ற அந்த உப்பு, சோடியம் தனியாகவும் குளோரைடு தனியாகவும் பிரிந்து நிற்கிறது. இப்படி மின்சுமையோடு பிரிந்து நிற்பதைத்தான் அயனி என்கிறோம். சோடியத்துக்கு நேர்மின்சுமை, குளோரைடுக்கு எதிர்மின்சுமை. கரையும் உப்பு உரங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் கதை. பையில் இருக்கும்வரை ஜோடியாக இருக்கும். தண்ணீரில் இறங்கியதும் ஜோடி கலைந்துவிடும்.

உங்கள் டிரம்மில் கால்சியம், நைட்ரேட், மக்னீசியம், சல்பேட் என்று நான்கு அயனிகள் தனித்தனியாக நின்றன. கால்சியமும் சல்பேட்டும் சந்தித்தால் சேர்ந்துகொள்ளும். அப்படிச் சேர்ந்தது தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் சொச்சம்தான் கரையும். நீங்கள் போட்ட அளவுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2 கிலோ ஜிப்சம் உருவாகலாம். அதில் பெரும்பகுதி கரையாமல்தான் நிற்கும். கால்சியம் சல்பேட் என்பது ஜிப்சத்தின் வேதிப்பெயர். மக்னீசியமும் நைட்ரேட்டும் கரைந்தே இருந்ததால் அவை செடிக்குப் போயிருக்கும். உங்கள் பணம் முழுக்க வீணாகவில்லை. ஆனால், எதற்காக வாங்கினீர்களோ அந்தக் கால்சியத்தில் பெரும்பகுதி சேறாகிவிட்டது.

முதல் பெயர், கடைசிப் பெயர்

இந்த வகை உப்புகளின் பெயரில் இரண்டு பாகம் உண்டு. முதலில் வருவது நேர் அயனி. பெரும்பாலும் அது ஓர் உலோகம்: கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், ஜிங்க், காப்பர். உலோகம் அல்லாத ஒன்றும் நம் உரங்களில் இந்த இடத்தில் வரும். அது அம்மோனியம்; நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கூட்டம். பின்னால் வருவது எதிர் அயனி. அதன் வாலைக் கவனியுங்கள். சேதி அங்கேதான் இருக்கிறது.

‘ஐடு’ என்று முடிந்தால் அது ஒரே தனிமம். குளோரின் குளோரைடு ஆகும், ஆக்சிஜன் ஆக்சைடு ஆகும், கந்தகம் சல்பைடு ஆகும், பாஸ்பரஸ் பாஸ்பைடு ஆகும். சுண்ணாம்பில் இருக்கும் ஹைட்ராக்சைடு இதற்கு ஒரு விலக்கு. அதில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும்.

‘ஏட்’ என்று முடிந்தால் கூடவே ஆக்சிஜன் இருக்கிறது என்று பொருள். சல்பேட், நைட்ரேட், பாஸ்பேட், கார்பனேட் எல்லாம் இந்த வகை.

‘ஐட்டு’ என்று முடிந்தாலும் ஆக்சிஜன் உண்டு. ஆனால் ‘ஏட்’டில் இருப்பதைவிடக் குறைவு. நைட்ரேட்டில் மூன்று ஆக்சிஜன், நைட்ரைட்டில் இரண்டு. சல்பேட்டில் நான்கு, சல்பைட்டில் மூன்று.

காதுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். பயிருக்கு ஒன்றல்ல. பொட்டாசியம் குளோரைடும் பொட்டாசியம் சல்பேட்டும் சாம்பல்சத்து உரங்களே. ஆனால் புகையிலைக்குக் குளோரைடு ஆகாது என்பதால் அங்கே சல்பேட்டைப் போடச் சொல்கிறோம். முதல் பெயர் ஒன்று. முடிவு செய்வது கடைசிப் பெயர்.

நம் பாட்டன் காலத்துப் பெயர்களும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். மயில்துத்தம் காப்பர் சல்பேட். அன்னபேதி பெரஸ் சல்பேட். கிளிஞ்சலில் இருப்பது கால்சியம் கார்பனேட். சுட்டு நீற்றினால் அது கால்சியம் ஹைட்ராக்சைடு.

எதோடு எது கூடாது?

இதை வைத்துச் சொட்டுநீருக்கு ஒரு விதி சொல்லிவிடலாம். பெயரில் ‘கால்சியம்’ என்று தொடங்கும் உரத்தை, ‘சல்பேட்’ என்றோ ‘பாஸ்பேட்’ என்றோ முடியும் உரத்தோடு ஒரே டிரம்மில் கரைக்காதீர்கள். மக்னீசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பேட், 12:61:0 என்று விற்கும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட், 0:52:34 என்று விற்கும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் எல்லாம் இதில் அடங்கும். கால்சியம் நைட்ரேட்டோடு பொட்டாசியம் நைட்ரேட் சேரலாம். இரண்டும் நைட்ரேட் என்பதால் எப்படி ஜோடி மாறினாலும் கரைந்தே நிற்கும்.

இனிமேல் கால்சியம் நைட்ரேட்டை ஒரு நாள் விடுங்கள். விட்ட பிறகு வெறும் தண்ணீரை ஓட்டிக் குழாயைக் கழுவுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மக்னீசியம் சல்பேட்டைக் கொடுங்கள். புதிதாக எந்த இரண்டு உரத்தைக் கலப்பதானாலும், அதே விகிதத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கலந்து ஒரு மணி நேரம் வையுங்கள். கலங்கினாலோ, அடியில் படிந்தாலோ டிரம்முக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அடைப்பை எடுப்பது எப்படி?

பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் ‘ஆசிட் விடு’ என்பார்கள். இங்கே அது பெரிதாக உதவாது. போர் தண்ணீரால் டிரிப்பரில் படியும் வெள்ளை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது நுரைத்துக் கரைந்துவிடும். உங்கள் குழாயில் இருப்பது சல்பேட். அது அமிலத்துக்கு அப்படி மசியாது. சந்தேகம் இருந்தால் டிரிப்பரிலிருந்து கொஞ்சம் சுரண்டி, எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கார்பனேட். நுரைக்காமல் அப்படியே கிடந்தால் ஜிப்சம்.

ஜிப்சத்துக்கு மருந்து தண்ணீர்தான். பில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். டிரம்மின் சேற்றை எடுத்துவிடுங்கள். அதை வயலில் கொட்டலாம், நிலத்துக்குக் கெடுதல் இல்லை. குழாய்களின் கடைசி மூடிகளைத் திறந்துவிட்டு, முழு அழுத்தத்தில் வெறும் தண்ணீரை ஓட்டுங்கள். நீர் தெளிவாக வந்ததும் மூடிவிட்டு, சில நாட்களுக்கு உரம் ஏதும் இல்லாமல் தண்ணீர் மட்டும் கொடுங்கள். மீதிப் படிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதற்கும் திறக்காத டிரிப்பரைத் தட்டிப் பார்த்து, முடியாவிட்டால் மாற்றிவிடுங்கள். அதுவரை அந்தச் செடிகளுக்குக் குடத்தால் ஊற்றுங்கள். தக்காளி காய்க்கும் நேரத்தில் வாடவிடக் கூடாது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அந்தக் கடைக்கு ஒரு நடை போய், ‘உரத்தில் குறை இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். ‘இரண்டையும் சேர்த்துக் கரைக்காதீங்க’ என்று அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்து வாங்கும் விவசாயிக்கு உதவும்.

இவர் கடிதத்தின் கடைசியில் வேறு கையெழுத்தில் ஒரு கேள்வி இருந்தது. பதினோராம் வகுப்பு படிக்கும் மகன் எழுதியது: ‘‘கால்சியம் நைட்ரேட்டில் இரண்டு நைட்ரேட் இருக்கிறது. ஏன் கால்சியம் டைநைட்ரேட் என்று சொல்வதில்லை? அப்படியானால் டி.ஏ.பி-யில் மட்டும் டை எதற்கு?’’

நல்ல கேள்வி, தம்பி. இந்த வகைச் சேர்மத்தில் வரவும் செலவும் சரியாக வேண்டும். கால்சியத்தின் நேர்மின்சுமை 2. ஒரு நைட்ரேட்டின் எதிர்மின்சுமை 1. அப்படியென்றால் ஒரு கால்சியத்துக்கு இரண்டு நைட்ரேட் வந்தால்தான் கணக்குத் தீரும். வேறு வழியே இல்லை என்பதால் எண்ணைப் பெயரில் சொல்ல வேண்டியதில்லை. கார்பன் டை ஆக்சைடு அயனிச் சேர்மம் அல்ல. கார்பன் மோனாக்சைடு என்றும் ஒன்று இருப்பதால் அங்கே எண் தேவை.

பாஸ்பேட்டின் மின்சுமை 3. டி.ஏ.பி-யில் அந்த மூன்று இடத்தில் இரண்டை அம்மோனியமும், மீதி ஒன்றை ஹைட்ரஜனும் பிடித்திருக்கின்றன. எம்.ஏ.பி-யில் அம்மோனியம் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு. இரண்டு விதமும் உண்டு என்பதால்தான் ‘டை’, ‘மோனோ’ என்று சொல்லிப் பிரிக்கிறோம். இது பெயருக்கு மட்டுமான வேற்றுமையும் அல்ல. எம்.ஏ.பி கரைசல் அமிலத்தன்மை கொண்டது, டி.ஏ.பி கரைசல் லேசான காரத்தன்மை கொண்டது. அடுத்த முறை அம்மா உரம் வாங்கப் போகும்போது நீயும் கூடப் போ. நீ படிக்கிற பாடம் அந்தக் கடை அலமாரியில் இருக்கிறது.

‘‘நிலக்கடலையில் இளம் இலைகள் மஞ்சளும் வெளுப்புமாக இருக்கின்றன. போன வருஷம் வாங்கிய அன்னபேதி உப்பு 2 கிலோ மீதி இருக்கிறது. பச்சை நிறம் போய்த் துரு மாதிரி ஆகிவிட்டது. தெளிக்கலாமா?’’

ஒரு வாசகர், திண்டிவனம்.

தெளிக்க வேண்டாம். இரும்பு இரண்டு விதமான அயனியாக இருக்கும். நேர்மின்சுமை 2 இருந்தால் பெரஸ், 3 இருந்தால் பெரிக். இப்போதைய பாடப் புத்தகத்தில் இரும்பு என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்த எண்ணைப் போடுகிறார்கள். நீங்கள் வாங்கியது பெரஸ் சல்பேட். வெளிர் பச்சையாக இருக்கும். காற்றும் ஈரமும் பட்டுப்பட்டு அது பெரிக் ஆகிவிட்டது. அதைத்தான் துரு நிறம் காட்டுகிறது. பெரிக் இரும்பு தண்ணீரில் எளிதாகப் படிவாக இறங்கிவிடும். இலைக்குப் போய்ச் சேராது. தெளிப்பானின் மூக்கைத்தான் அடைக்கும்.

புதிதாக, பச்சை நிறம் பார்த்து வாங்குங்கள். 10 லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, பிறகு 100 கிராம் அன்னபேதியைப் போட்டுக் கரைத்து வடிகட்டி, மாலை வேளையில் தெளியுங்கள். அமிலம் இருந்தால் பெரஸ் சீக்கிரம் பெரிக் ஆகாது. கரைத்ததை அன்றைக்கே தெளித்துவிடுங்கள். மீதியை நன்றாகக் கட்டி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

‘‘நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொன்னார்கள். கடையில் இரண்டு பை இருக்கிறது. ஒன்றில் 21%, மற்றதில் 33% என்று போட்டிருக்கிறது. 33% விலை அதிகம். எதை வாங்குவது?’’

ஒரு வாசகர், திருவாரூர்.

இரண்டும் ஜிங்க் சல்பேட்தான். பெயருக்குப் பின்னால் ‘ஹெப்டாஹைட்ரேட்’, ‘மோனோஹைட்ரேட்’ என்று இருக்கும், பாருங்கள். ஹைட்ரேட் என்றால் படிகத்துக்குள் சேர்ந்திருக்கும் தண்ணீர். ஹெப்டா என்றால் 7, மோனோ என்றால் 1. தண்ணீர் அதிகம் உள்ளதில் துத்தநாகம் 21%, குறைவாக உள்ளதில் 33%. உங்களுக்குச் சொன்ன 10 கிலோ, 21% உள்ளதற்கான அளவு. 33% உள்ளதை வாங்கினால் ஏறக்குறைய 6.5 கிலோ போதும். 10 கிலோ ஹெப்டாவுக்கு என்ன விலை, 6.5 கிலோ மோனோவுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டு, குறைவானதை வாங்குங்கள். 20 கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன் தூவுங்கள். டி.ஏ.பி, சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்க வேண்டாம். துத்தநாகமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் அதுவும் கரையாத உப்பு.

கடைக்குப் போகும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ‘ஜிங்க் கொடுங்க’ என்று கேட்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கிராமத்தில் நடவு முடிந்த வயலில் இலைகள் துரு நிறப் புள்ளி விட்டுக் கிடந்தன. துத்தநாகக் குறைதான். வரப்பில் நின்றபடியே வயல்காரரிடம், ‘‘ஜிங்க் வாங்கி, டேங்குக்கு 50 கிராம் போட்டு, யூரியாவோடு அடிங்க’’ என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்த ஊரில் கூட்டம் இருந்தது.

அவர் கடையில் போய், நான் சொன்னபடியே ‘ஜிங்க்’ என்று கேட்டிருக்கிறார். அது எலித் தொல்லை இருந்த சமயம். கடையில் நின்ற பையன், எலிக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, சின்னச் சின்னப் பொட்டலமாக எடுத்துக் கொடுத்துவிட்டான். அதுவும் ஜிங்க்தான். ஆனால் ஜிங்க் பாஸ்பைடு. எலி விஷம். அமிலமோ ஈரமோ பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவைக் கிளப்பும். வயிற்றுக்குள் போனால் அங்கிருக்கும் அமிலத்தோடு சேர்ந்து அந்த வேலையைத்தான் செய்யும். அதற்கென்று முறிவு மருந்து கிடையாது.

மறுநாள் காலையில் அவர் வாளியில் தண்ணீரை ஊற்றி, பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார். பக்கத்தில் நின்ற மனைவி, ‘‘என்னங்க இது, கறுப்பா இருக்கு, பூண்டு நாத்தம் அடிக்குது. உரத்துல எதுக்கு இந்த நாத்தம் வருது? அந்த ஆபீசரைக் கேட்டுட்டுப் போடுங்க’’ என்று தடுத்திருக்கிறார். பொட்டலத்தோடு அவர் என் அலுவலகத்துக்கு வந்து நின்றார். வாங்கிப் படித்த எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கடைப் பையனை நான் குறை சொல்லவில்லை. வயல்காரரையும் சொல்ல முடியாது. வேளாண்மைப் பட்டம் வாங்கியவன் நான். பெயரின் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு அவசரமாகப் போனவனும் நான்தான். ‘சல்பேட்’ என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகியிருக்காது. படிக்காத அந்த அம்மாவின் மூக்குதான் அன்றைக்கு அந்த வீட்டைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து எந்த மருந்தையும் உரத்தையும் முழுப் பெயரோடு சீட்டில் எழுதித்தான் கொடுக்கிறேன்.

நீங்களும் உங்கள் பகுதி அலுவலரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கடையில் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். பையில் உள்ள பெயரைக் கடைசி எழுத்துவரை சீட்டோடு ஒத்துப் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்க வராவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பில்லிலும் முழுப் பெயர் இருக்கட்டும். பாஸ்பேட், பாஸ்பைடு இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு எழுத்துதான் வேறுபாடு. ஒன்று பயிருக்கு உணவு, மற்றது உயிருக்கு எமன்.

எலி மருந்தை உரத்தோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள்; மாற்றினால் பெயர் போய்விடும். யாராவது தெரியாமல் விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் 108-க்கு அழையுங்கள். அந்தப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே போனது என்னவென்று மருத்துவருக்கு அந்தப் பெயர்தான் சொல்லும்.

உங்கள் வீட்டு உரப்பைகளில் புரியாத பெயர் இருந்தால் அப்படியே, கடைசி எழுத்துவரை, ஓர் அட்டையில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சேர்ந்து வாசிப்போம்.